நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சபையில் வகுப்பு எதற்கு?

வாசகர் கேள்வி: பிப்ரவரி 12, 2024

எங்கள் சபையில் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், பெரியவர்களுக்கு விசுவாசம், ஜெபம், பாட்டு என்று ஆறு வாரம் வகுப்பு வைக்கப்போகிறார்களாம். ஓய்வுநாள் பள்ளியில் படித்தாயிற்று. சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலுக்கு முன்னால் படித்தாயிற்று. முப்பது வருஷமாகப் பிரசங்கமும் கேட்டாயிற்று. இதற்கு மேல் என்ன வகுப்பு? வேலையற்ற வேலை என்பது என் கருத்து. யாராவது போயிருக்கிறீர்களா?

பிப்ரவரி 13

போனதில்லை. ஆனால் பெயர் கொடுத்தாயிற்று. எங்களுடையது பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபை, தென்னிந்தியத் திருச்சபை. நாங்களும் இதே அறிவிப்பைத்தான் கேட்டோம். பெயர் கொடுத்தது நானில்லை, அத்தை. மாமியாரைத்தான் சொல்கிறேன், வயது 76. ஆராதனை முடிந்ததும் நேரே மேஜைக்குப் போய்த் தன் பெயரைச் சொல்லிவிட்டு, "கீழே இவ பேரையும் போடுங்க, என்னைக் கூட்டிட்டு வர ஆள் வேணும்லா" என்றார். எனக்கு 51 வயது, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. ஞாயிறு சாயங்காலம்தான் துணி தேய்க்கிற நேரம். அதனால் இப்போதைக்கு உங்கள் கட்சிதான் நானும்.

பிப்ரவரி 18, இரவு

முதல் வகுப்பு முடிந்தது. 38 பேர். அரை மணி விசுவாசம், அரை மணி ஜெபம், அரை மணி பாட்டு என்று திட்டம். இன்றைக்கு விசுவாசப் பிரமாணத்தை, அதாவது ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்கிற விசுவாச அறிக்கையை, தாண்டவில்லை.

ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், ஒரு காரியம் செய்தார். எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து, பிரமாணத்தை மனப்பாடமாக எழுதச் சொன்னார். வாரா வாரம் சொல்கிறோமே, எழுத வராதா? எனக்கு "பாதாளத்தில் இறங்கினார்" வரைக்கும் வந்தது. அப்புறம் கை நின்றுவிட்டது. பக்கத்தில் யாராவது சத்தமாகச் சொன்னால் வரும், தனியாக வராது. கூட்டத்தோடு சேர்ந்து வாயசைத்தே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் என் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாளில் இரண்டு வரி.

இன்னொன்று. "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்ற இடத்தில் பாடுபட்டு என்றால் என்ன என்று கேட்டார். "வேலை பாத்து" என்றது ஒரு குரல். சிரிப்பு. துன்பப்பட்டு என்பதுதான் அங்கே அர்த்தம், பிலாத்து இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த ரோம ஆளுநர். ஆனால் நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாடுபட்டு வளர்த்தேன், பாடுபட்டுச் சேர்த்தேன் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்? பிலாத்து ஒரு பெரிய தோட்டக்காரர், இயேசு அவரிடம் கூலிக்குப் போனார் என்று மனதில் ஒரு படமே இருந்தது. திடப்படுத்தலுக்கு முன் ஆறு மாதம் படித்தேன், அப்போதும் அந்தப் படத்தை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. பேராயர் தலையில் கைவைத்த அன்றோடு படித்ததெல்லாம் போயிற்று, தோட்டக்காரர் மட்டும் தங்கிவிட்டார்.

பிப்ரவரி 19

நேற்று விட்டுப்போனது. லத்தீனில் பிரமாணம் "விசுவாசிக்கிறேன்" என்ற சொல்லில் ஆரம்பிக்கிறதாம். நம் மொழியில் அது கடைசியில்தான் வரும். வானம், பூமி, சர்வ வல்லமை எல்லாம் சொல்லி முடித்த பிறகு விசுவாசிக்கிறேன். கடன் பத்திரம் முழுக்க வாசித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுகிற மாதிரி. ஆங்கில ஆராதனைக்குப் போகிறவர்கள் முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

பிப்ரவரி 21

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: வினாவிடை, அதாவது கேள்வி பதிலாக விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம், பிள்ளைகளுக்கானதுதானே என்று.

பிள்ளைகளுக்கு மட்டும் என்று யார் சொன்னது? மார்ட்டின் லூத்தர் 1529-இல் சிறிய வினாவிடையை எழுதியதே, அதற்கு முந்தைய வருஷம் சபைகளைச் சுற்றிப் பார்த்து, கிராமத்துப் பெரியவர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை என்று நொந்துபோய்த்தான். வீட்டுத் தலைவர் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். பெரிய வினாவிடையின் முன்னுரையில், தானே தினமும் காலையில் ஒரு பிள்ளையைப் போலக் கட்டளைகளையும் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்ப்பதாகச் சொல்கிறார். வேதபண்டிதர் பட்டம் வாங்கியவர்!

நம் கரைக்கு வந்தவரையும் பாருங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார், மறுநாள்தான் அவருக்கு 24 வயது முடிந்தது. உள்ளூர் வாத்தியார் ஒருவரைப் பிடித்து, தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சாகி முடிந்தது. ஒன்பது வருஷம்.

எனக்கு இதையெல்லாம் பேச என்ன யோக்கியதை என்று கேட்காதீர்கள். இன்னும் பாதாளத்தில்தான் நிற்கிறேன், மேலே ஏறவில்லை.

பிப்ரவரி 25

24 பேர். கல்யாண வீடு இரண்டு இருந்தது என்று காரணம் சொன்னார்கள்.

இன்று ஜெபம். ஐயர் வைத்த விதி: ஒரு நிமிஷம் சொந்தமாக ஜெபிக்க வேண்டும், "ஆண்டவரே" இரண்டு தடவைக்கு மேல் வரக்கூடாது, "இந்த நல்ல வேளைக்காக" என்று ஆரம்பிக்கக்கூடாது. அவ்வளவுதான். எழுந்தவர்கள் எல்லோரும் திக்கினார்கள். வீட்டுக் கூட்டங்களில் கால் மணி நேரம் மூச்சுவிடாமல் ஜெபிக்கிற பெண்கள் சங்கத்து அக்கா ஒருவர் முப்பது வினாடியில் உட்கார்ந்துவிட்டார். வங்கி அதிகாரி பதினேழு ஆண்டவரே. எண்ணியது நான்தான். எண்ணியிருக்கக் கூடாது, ஆனால் எண்ணினேன். என் முறை வந்தபோது "போக்கையும் வரத்தையும்" என்று தானாக வாயில் வந்தது. எந்தப் போக்கு, எந்த வரத்து? வாரத்தில் ஆறு நாள் பள்ளிக்கூடம் போகிறேன், வருகிறேன். அதற்கு மேல் சொல்ல எதுவும் வரவில்லை.

கடைசியில் கண்டக்டர் அண்ணாச்சி. அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் விசில் ஊதியவர், ஆராதனையில் கடைசி பெஞ்சு. எழுந்து நின்று, "சாமி, மூட்டு வலிக்கி. மக போன் பண்ணணும். வேற ஒண்ணும் வேணாம், ஆமென்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஐந்து வினாடிகூட இருக்காது. ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவரையும் கூப்பிடவில்லை. மின்விசிறி சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

பிப்ரவரி 27

அண்ணாச்சி ஜெபம் மனதைவிட்டுப் போகவில்லை. அதோடு பழைய சங்கதி ஒன்றும் ஞாபகம் வந்தது.

சவேரியார், அதாவது பிரான்சிஸ் சேவியர், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. தெரிந்த ஆட்களை வைத்துக்கொண்டு பிரமாணத்தையும் ஜெபங்களையும் தமிழாக்கி, தெருவில் மணியடித்துக் கூட்டம் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஆண், பெண், சிறியவர், பெரியவர் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லச் சொன்னார். பெரியவர்கள் வகுப்பு என்று பார்த்தால் நம் கடற்கரையில் அதுதான் ஆரம்பம், 480 வருஷம் ஆகிறது. அந்த மொழிபெயர்ப்பில் "விசுவாசிக்கிறேன்" என்று வர வேண்டிய இடத்தில் "எனக்கு வேணும்" என்று போட்டுவிட்டார்கள். 1544-இல் தன்னோடு ஊழியம் செய்த மான்சில்லாஸுக்கு எழுதிய கடிதத்தில் அதைத் திருத்தச் சொல்கிறார்: வேணும் என்றால் விரும்புகிறேன் என்று அர்த்தம், இனிமேல் விசுவாசம் என்ற சொல்லைப் போடு என்று.

தப்பு தப்புதான், திருத்தினது சரி. ஆனால் ஓரிரண்டு வருஷம் மணப்பாட்டிலும் புன்னக்காயலிலும் சனங்கள் "எனக்கு வேணும்" என்று சொல்லியிருப்பார்களே. சர்வ வல்லமையுள்ள பிதா எனக்கு வேணும். கடலுக்குள் போகிறவன் சொன்னால் அது அவ்வளவு பெரிய தப்பாகத் தோன்றவில்லை எனக்கு. அண்ணாச்சி சொன்னதும் கிட்டத்தட்ட அதே வினைச்சொல்தான், "பண்ணணும்". அத்தையிடம் சொன்னேன். "வேணும்னாத்தான நம்புவாக" என்றார். ஐயரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவார்.

பிப்ரவரி 28

தூத்துக்குடி வாசகர் ஒருவர், தமிழில் முதலில் அச்சான புத்தகமும் இந்த மாதிரி வகுப்புப் புத்தகம்தான் என்று எழுதியிருக்கிறார். உண்மை. அன்றிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம், கொல்லம், 1578, பதினாறு பக்கம். உடனே இன்னொருவர், 1554-இல் லிஸ்பனிலேயே வந்துவிட்டதே என்கிறார். அதுவும் உண்மை. ஆனால் அது ரோமன் எழுத்தில் அச்சடித்த தமிழ், தமிழ் எழுத்தில் வந்தது கொல்லத்துப் புத்தகம். இரண்டுமே வினாவிடை, ஜெபம் வகைதான். சண்டை போடாதீர்கள்.

மார்ச் 3

17 பேர். குறைந்துகொண்டே வருகிறது எண்ணிக்கை.

பாட்டு இன்றைக்கு வகுப்பு நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. கொயர் மாஸ்டருக்கு எழுபது வயதிருக்கும். கரும்பலகையில் ட ர ம ஃப ச ல த என்று தமிழில் எழுதினார். டோனிக் சோல்ஃபா. நார்விச் ஊரில் சாரா குளோவர் என்ற அம்மையார் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க உண்டாக்கியதை, ஜான் கர்வன் என்ற போதகர் 1840-களில் எடுத்துச் செப்பனிட்டுப் பரப்பினார். ஐந்து கோட்டில் எழுதிய இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடத் தெரியாத தொழிலாளிகளும் சபையாரும் எழுத்தைப் பார்த்தே பாடலாம்.

எங்கள் வகுப்பில் கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்த டீச்சர் ஒருவர் இருக்கிறார். மாஸ்டர் குச்சியால் "ம"வைத் தொட்டார். கொயர்காரர்கள் ஒரு சத்தம் கொடுத்தார்கள், டீச்சர் அதற்கு மேலே ஒன்று கொடுத்தார். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்து "ச"வைத் தொட்டார். கொயர் மேலே போனது, டீச்சர் கீழே அடியில் போய் நின்றார். யாருக்கும் புரியவில்லை. பிறகுதான் வெளிச்சமாயிற்று: சோல்ஃபாவின் ம மூன்றாவது சுரம், நம் கணக்கில் அது காந்தாரம். நம்முடைய ம நாலாவது, அவர்களுக்கு அது ஃபா. அவர்களுடைய ச நமக்குப் பஞ்சமம். நம்முடைய ச அவர்களுக்கு ட. இரண்டு பேரும் சரியாகத்தான் பாடியிருக்கிறார்கள். அத்தை என்னிடம் குனிந்து, "எழுத்தைப் பாத்துப் பாடுனா இப்படித்தான்" என்றார்.

நம் ராகத்தில் பாடுகிற கீர்த்தனை பற்றியும் மாஸ்டர் கொஞ்சம் பேசினார். தஞ்சாவூரில் முன்சீப்பாக இருந்த வேதநாயக சாஸ்திரியார்தான் நாம் பாடுகிற கீர்த்தனைகளில் பலவற்றை எழுதியவர்.

மார்ச் 5

மூன்று பேர் காதைத் திருகிவிட்டீர்கள். திருத்தம்: முன்சீப் வேறு, சாஸ்திரியார் வேறு. மாஸ்டர் சரியாகத்தான் சொன்னார், நான்தான் இரண்டு வேதநாயகத்தையும் சேர்த்துப் பிசைந்துவிட்டேன்.

வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்தவர், திருநெல்வேலிக்காரர், நம்ம ஊர். பையனாக இருந்தபோதே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பின்னாளில் ராஜாவான சரபோஜியும் அதே சுவார்ட்ஸிடம்தான் படித்தார். சாஸ்திரியார் குறவஞ்சி, கீர்த்தனை என்று எழுதித் தள்ளி 1864 வரைக்கும் இருந்தார், சீர்திருத்த சபைக்காரர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826-இல் பிறந்தவர், கத்தோலிக்கர். அவர்தான் முன்சீப், தமிழில் முதல் நாவல் எழுதியவர். அவரும் கீர்த்தனை எழுதினார் என்பதுதான் என் குழப்பத்துக்குக் காரணம்.

சாஸ்திரியார் பாட்டுகள் முதலில் கையெழுத்துப் பிரதியாகவும் வாய்ப்பாடமாகவும்தான் சுற்றின. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் அவற்றையும் சேர்த்து ஒரு கீர்த்தனைத் தொகுப்பு அச்சிட்டார். இது மாஸ்டர் சொன்னது, நான் கெடுக்கவில்லை.

மார்ச் 10

இன்றைக்கு நடந்த கூத்து. பாமாலை ஒன்றை, அதாவது மேல்நாட்டு ராகத்தில் பாடுகிற பாட்டு ஒன்றை, எடுத்தோம். நாலு வரி, எல்லோருக்கும் தெரிந்த ராகம். பெண்கள் குரல் கிறீச்சிட்டது, ஆண்கள் பாதியில் விட்டுவிட்டார்கள், கண்டக்டர் அண்ணாச்சி வேறு ஏதோ ஸ்தாயியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். மாஸ்டர் எங்களைத் திட்டினார். இரண்டாவது தடவையும் அதே கதி. மூன்றாவது தடவை கீபோர்டு வாசித்த பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். டிரான்ஸ்போஸ் பொத்தான் மூன்று ஏற்றியிருந்தது. காலையில் வாலிபர் ஆராதனையில் யாரோ அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அண்ணாச்சி மட்டும் சரியான இடத்தில் பாடியிருக்கிறார் என்று அப்புறம் தெரிந்தது.

பாமாலையில் எனக்கு ரொம்ப நாள் சந்தேகம் ஒன்று. கேட்டுவிட்டேன். மேல்நாட்டு ராகம் எட்டு, ஆறு, எட்டு, ஆறு என்று உயிரெழுத்தை எண்ணி வருகிறது. குறிலா நெடிலா என்று அது பார்ப்பதில்லை. நீட்டுகிற இடத்தில் குறில் வந்து மாட்டினால் சொல்லே மாறிப்போகும். வரம் தாரும் என்று பாட எழுந்து வாரம் தாரும் என்று கேட்டுவிட்டு உட்காருகிறோம். விடு என்பது வீடு ஆகிறது, மலை மாலை ஆகிறது. தமிழ் யாப்பு அப்படி இல்லையே, இரண்டு குறில் சேர்ந்தால் ஒரு நிரையசை என்று கணக்கு வைத்திருக்கிறதே. 18-ஆம் நூற்றாண்டில் மிஷனரி பப்ரீஷியஸ் ஐயர் ஜெர்மன் பாட்டுகளை அதே ராகத்தில் பாடும்படி தமிழாக்கியதிலும் இந்தச் சங்கடம் உண்டு. கீர்த்தனையில் இது வராது, தாளம் சொல்லின் அளவைத் தெரிந்துகொண்டு போகும். ஆகவே பாமாலையை ஓரமாக வைத்துவிட்டுக் கீர்த்தனையை மட்டும் பாடலாம் என்பது என் கட்சி.

மார்ச் 12

அந்தக் கட்சியை வாபஸ் வாங்குகிறேன். அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று கல்லறைத் தோட்டத்தில் பாடியது பாமாலைதான். மழைத் தூறல், புத்தகம் யாரிடமும் இல்லை, ஆனாலும் நாலு குரலும் தானாக வந்து சேர்ந்துகொண்டது. குறிலும் நெடிலும் அன்றைக்கு என் காதில் படவே இல்லை.

மார்ச் 17

11 பேர்.

அத்தை பாடினார். திட்டத்தில் இல்லை. ஒரு கீர்த்தனையை எடுத்து மாஸ்டர் இரண்டு வரி வாசித்ததும், "அது அப்படி இல்ல" என்று அத்தை சொன்னார். மாஸ்டருக்கு முகம் சுருங்கியது. சரி பாடுங்க என்றார். அத்தை உட்கார்ந்தபடியே, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாடினார். பல்லவி நாங்கள் பாடுகிற மாதிரிதான் ஆரம்பித்தது, இரண்டாவது சொல்லில் ஒரு வளைவு வந்தது. கீபோர்டுப் பையன் அந்த வளைவைத் தேடி இரண்டு கட்டைக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தான். நடுவில் ஒன்றும் இல்லை. ஏழு சரணம், புத்தகத்தில் ஐந்துதான் இருக்கிறது.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார் மாஸ்டர். அத்தையின் பாட்டி. நெல் குத்தும்போது பாடுவார்களாம். டீச்சர் ஆனந்தபைரவி என்றார்.

இருபத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அடுக்களையில் தினமும் கேட்கிற முணுமுணுப்புதான் இது. எனக்கு அது மிக்ஸி சத்தத்தோடு சத்தமாகவே இருந்திருக்கிறது.

மார்ச் 18

டீச்சர் போன் செய்தார். ஆனந்தபைரவி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டாராம். பல்லவி வரைக்கும் சரி, சரணத்தில் எங்கேயோ போய்விட்டு, அடுத்த சரணத்துக்கு முன்னால் ஒன்றும் தெரியாதது மாதிரி திரும்பி வருகிறது என்றார். அத்தையிடம் சொன்னேன். "நெல்லு குத்துறவளுக்கு என்னட்டி ராகம், உலக்கை விழுற நேரத்துக்கு வந்துசேந்தாப் போதும்" என்கிறார்.

எங்கள் ஊர்ப் பக்கம், சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் சுருதிக் கணக்கை ஆராய்ந்து 1917-இல் அவ்வளவு பெரிய புத்தகம் போட்டார். அவர் இருந்திருந்தால் எங்கள் வீட்டு அடுக்களைக்குக் கூட்டி வந்திருப்பேன்.

மார்ச் 25

நேற்று குருத்தோலை ஞாயிறு, கடைசி வகுப்பு. 14 பேர். டீ, சுண்டல் உண்டு என்று அறிவித்ததால் மூன்று பேர் கூடுதல் என்று மாஸ்டர் கணக்குச் சொன்னார்.

மறுபடி அதே தாள், ஐயர் பிரமாணம் எழுதச் சொன்னார். முழுக்க வந்தது. இரண்டு இடத்தில் வரிசை மாறிப்போயிற்று, போகட்டும். வங்கி அதிகாரியும் முடித்துவிட்டார், எட்டிப் பார்த்தேன். கண்டக்டர் அண்ணாச்சி எழுதவில்லை, கண்ணாடி கொண்டு வரவில்லை என்றார். ஐயர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சொல்லச் சொல்லி அவரே எழுதிக்கொண்டார். மகள் போன் பண்ணினாளா என்று எனக்குக் கேட்க ஆசை. கேட்கவில்லை.

மார்ச் 30

நேற்று பெரிய வெள்ளி, மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தைக்கும் ஐந்தாம் வார்த்தைக்கும் நடுவில் அத்தையின் ராகத்தில் அந்தக் கீர்த்தனை, கீபோர்டு இல்லாமல். முதல் சரணத்துக்குச் சபையார் சேர்ந்துகொள்ளவே இல்லை. பழக்கமில்லாத ராகம், பாவம் அவர்கள் என்ன செய்வார்கள். இரண்டாவதில் வயதான பெண்கள் சிலர் சேர்ந்தார்கள். வெளியே வந்ததும் ஒருவர், பாட்டைக் கெடுத்துவிட்டீர்கள் என்று நேராகவே சொன்னார். அதையும் எழுதிவைக்கிறேன், இல்லையென்றால் நான் கதை விடுகிறேன் என்பீர்கள்.

ஏப்ரல் 7

கேள்வி கேட்டவருக்கு. உங்கள் சபையில் ஆள் சேராமல் வகுப்பு நின்றுபோனதாகவும், எங்கள் வகுப்புக்கு வரலாமா என்றும் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பதிலை இங்கேயே போடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

வரலாம். பள்ளிக்கூடம் திறந்தபிறகு, ஜூனில் அடுத்த சுற்று. ஞாயிறு மாலை ஐந்தரை, கட்டணம் இல்லை, தாள் கொடுப்பார்கள், பேனா நீங்கள் கொண்டுவர வேண்டும். கண்ணாடியையும் மறக்காதீர்கள். "இந்த நல்ல வேளைக்காக" என்று ஆரம்பிக்க முடியாது, இப்போதே பழகிக்கொள்ளுங்கள். இடது பக்கம் முதல் வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியில் மட்டும் உட்கார வேண்டாம். அது அத்தையுடையது.